நுரைக்காத நீர்

இலண்டன் மாநகரம்! கதிரவன் மறையாத பேரரசின் தலைநகரம் என்று ஒரு காலத்தில் தன்னைத் தானே மெச்சிக்கொண்ட நகரம். அதன் மாளிகைகளைப் பற்றி, மணிக்கூண்டைப் பற்றி, மன்றத்தைப் பற்றி ஏடுகள் ஏராளம் பேசுகின்றன. நாம் இங்கே காண விரும்புவது மாளிகையை அல்ல. மாளிகைக்குப் பின்புறத்திலே, வெளிச்சம் நுழையாத சந்திலே, ஒற்றை அறை வீட்டிலே, திங்கட்கிழமைக் காலையில் துணித்தொட்டியின் முன் குனிந்து நிற்கும் ஒரு தாயை!

திங்கட்கிழமை, அந்நாளைய இங்கிலாந்திலே துணி வெளுக்கும் நாள். சோப்பைத் தேய்க்கிறாள், நுரை வரவில்லை. மேலும் தேய்க்கிறாள், திரிந்த பால்போல் வெண்ணிறத் திரிகள் மிதக்கின்றன. அந்தத் திரிகள் துணியிலே ஒட்டுகின்றன; வெள்ளைத் துணி வெளிறிப் பழுப்பேறுகிறது. மறுபடியும் சோப்பு! கூலிக்காரக் கணவன் கொண்டு வந்த காசிலே ஒரு பகுதி, நுரையாகாமலேயே சாக்கடைக்குப் போகிறது. தேநீருக்கு வைத்த கெட்டிலின் உட்புறமோ, சுண்ணாம்பு அடித்த சுவர்போல் காரை கட்டிக் கிடக்கிறது. பட்டாணி வேக மறுக்கிறது. தேநீரின் மேலே மங்கலான ஆடை படர்கிறது.

யார்மீது பழி போட்டாள் அந்தத் தாய்? சோப்பு மட்டம் என்றாள். தன் கைத்திறம் குறைவு என்றாள். நீரின்மீது மட்டும் ஐயம் எழவில்லை. எப்படி எழும்? நீர் தெளிவாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது, பாட்டனும் முப்பாட்டனும் பருகிய நீராக இருந்தது. நெடுங்காலமாக இருப்பது நேர்மையாகவே இருக்கும் என்று நம்புவது மனித இயல்பு அல்லவா? அந்த இயல்பு தானே எத்தனையோ மடமைகளுக்குத் தாலாட்டுப் பாடி வருகிறது!

அந்தத் தெளிந்த நீருக்குள்ளே கல் கரைந்திருந்தது.

மழைநீர் மென்மையானது. மண்ணிலே இறங்கும்போது அது கரியமில வாயுவைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. அவ்வாயு கலந்த நீர், சுண்ணக்கல்லின் வழியே செல்லும்போது கல்லைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. இலண்டனோ சீமைச்சுண்ணப் படுகையின் நடுவே அமைந்த நகரம். வடக்கே சில்டர்ன் குன்றுகள், தெற்கே நார்த் டவுன்ஸ் குன்றுகள், இரண்டுமே சுண்ணத்தால் ஆனவை. 1613ஆம் ஆண்டிலே ஹியூ மிடில்டன் என்பார் வெட்டி முடித்த 'புதிய ஆறு' என்னும் கால்வாய், ஹெர்ட்போர்டுசயரின் ஊற்றுகளிலிருந்து இலண்டனுக்கு நீர் கொணர்ந்தது. அரிய பணி அது, ஐயமில்லை. ஆனால், அந்த ஊற்றுகளும் சுண்ணத்திலே ஊறியவையே. கல்லைக் கரைத்த நீரையே கால்வாய் கட்டி வரவழைத்துக் கொண்டது நகரம்.

கல் கரைந்த நீரிலே சோப்பைக் கரைத்தால், சோப்பின் கொழுப்பமிலம் சுண்ணத்தோடு கூடி, கரையாத திரியாகிறது. நீரிலுள்ள சுண்ணம் முழுவதும் இவ்வாறு திரியாகித் தீர்ந்த பிறகே நுரை எழும், அழுக்கு அகலும். நீரைக் கொதிக்க வைத்தாலோ, கல்லைக் கரைய வைத்திருந்த வாயு வெளியேறுகிறது. கல் மீண்டும் கல்லாகிப் பாத்திரத்திலே படிகிறது. கெட்டிலின் காரையும் துணித்தொட்டியின் திரியும் ஒரே வழக்கின் இரண்டு சாட்சிகள்.

இந்த வழக்கை முறையாக எடுத்து ஆராய்ந்தவர் தாமஸ் கிளார்க். ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரில், மாரிசல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். நீர் 'கடினம்', 'மென்மை' என்று பெண்டிர் பேசிக்கொண்ட பேச்சை அவர் எள்ளி நகையாடவில்லை, அளந்து பார்த்தார். குறிப்பிட்ட அளவு நீரிலே, அளவறிந்த சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிலைத்த நுரை எழுவதற்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று கணக்கிட்டார். எளிய சோதனை! துணி வெளுக்கும் தாய் நாள்தோறும் செய்த சோதனைதான் அது. அவளிடம் அளவுகோல் இல்லை. அவர் அளவுகோல் கொடுத்தார். ஒரு காலன் நீரில் ஒரு கிரெயின் சுண்ணம் இருந்தால் ஒரு பாகை. இன்றைய அளவிலே சொன்னால், லிட்டருக்கு 14.3 மில்லிகிராம். அதனைக் 'கிளார்க் பாகை' என்றே இன்றளவும் வழங்குகின்றனர்.

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். அந்நாளைய இலண்டன் நீரின் கடினம் ஏறத்தாழ 15 பாகை. இருபது லிட்டர் கொள்ளும் ஒரு வாளியிலே, அப்படியானால், நாலேகால் கிராம் சுண்ணம். ஒரு கிராம் சுண்ணம் ஏறத்தாழ ஆறு கிராம் தூய சோப்பைத் திரியாக்கிவிடும். ஆக, ஒரு வாளி நீரிலே ஏறக்குறைய 26 கிராம் சோப்பு ஒரு துளி அழுக்கையும் தொடாமலே மாள்கிறது! ஒரு வாளிக்கு இவ்வளவு என்றால், ஒரு வீட்டுக்கு எவ்வளவு? ஒரு தெருவுக்கு எவ்வளவு? இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு மாநகருக்கு, ஆண்டு முழுவதும் எவ்வளவு?

கிளார்க் நோயை மட்டும் சொல்லி நிற்கவில்லை, மருந்தும் சொன்னார். 1841ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற அவரது முறை, கேட்பவர் புருவத்தை உயர்த்தச் செய்வது. சுண்ணத்தை நீக்க நீரிலே சுண்ணாம்பைச் சேருங்கள் என்றார்! பித்தர் பேச்சோ என்று எண்ணத் தோன்றும். ஆனால், கல்லைக் கரைய வைத்திருப்பது வாயு. புதிதாகச் சேர்த்த சுண்ணாம்பு அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு தானும் கல்லாகிறது. பிடிப்பிழந்த பழைய கல்லும் அடியிலே படிகிறது. இரண்டும் விழுந்துவிட, மேலே நிற்பது மென்னீர். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் மக்கள் சொல்வார்களே, அதுதான்.

மருந்து கிடைத்துவிட்டது, விலையும் மலிவு. பிறகென்ன தடை? இங்கேதான் வேதியியல் முடிந்து, வரலாறு தொடங்குகிறது.

இலண்டனுக்கு நீர் கொடுத்தவை தனியார் கம்பெனிகள். பங்குதாரருக்கு ஆதாயம் பிரித்துக் கொடுப்பது அவற்றின் தொழில். அதற்கு ஒரு கருவி நீர். ஏழைத் தெருக்களிலே வாரத்தில் சில நாள், நாளில் சில மணி நேரம் குழாய் திறக்கும். மிடாவிலும் தொட்டியிலும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு சேர்த்து நீரை மென்மையாக்கினால் அந்தச் செலவு கம்பெனியின் கணக்கிலே ஏறும். சேர்க்காவிட்டால்? சோப்புச் செலவு ஏறும். ஆனால், அது ஏறுவது குடும்பத்தின் கணக்கிலே! ஆயிரம் ஆயிரம் சமையலறைகளிலே சிதறிக் கிடக்கும் செலவை எந்தக் கணக்கப்பிள்ளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஓரிடத்திலே குவியும் செலவுக்கு வாய் உண்டு. பல இடத்திலே சிதறும் செலவுக்கு வாய் இல்லை. பெண்ணின் உழைப்புக்கோ, செலவு என்ற பெயரே கிடையாது!

கொடுமைக்கு முத்திரை குத்தியதுபோல், சோப்பின்மீது அரசாங்கம் வரி வேறு வாங்கிக்கொண்டிருந்தது. 1712ஆம் ஆண்டு ஆன் அரசி காலத்திலே விதிக்கப்பட்ட அந்த வரி, 1853ஆம் ஆண்டு கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோதுதான் நீங்கிற்று. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, தூய்மையாக வாழ விரும்பிய ஏழை, அந்த விருப்பத்துக்கு அபராதம் கட்டி வந்தான். நீர் சோப்பை விழுங்கும். விழுங்கிய சோப்புக்கும் வரி உண்டு! இப்படிச் செய்துவிட்டு, சீமான்கள் ஏழைகளைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இவர்கள் இயல்பே அழுக்கு" என்று இகழ்ந்தனர். அழுக்கை விதித்தவர்கள் அழுக்கைப் பழிப்பது, உலகெங்கும் ஆதிக்கக்காரர் கையாளும் பழைய வித்தை. நமக்கும் அது புதிதல்லவே!

அந்த நிலையிலே எழுந்தவர் எட்வின் சாட்விக். உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றி 1842ஆம் ஆண்டு அவர் அளித்த அறிக்கை இங்கிலாந்தை உலுக்கிற்று. 1848ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. பொதுச் சுகாதார வாரியம் அமைந்தது. 1850ஆம் ஆண்டு அவ்வாரியம் இலண்டன் நீரைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, கடின நீரால் வீணாகும் சோப்பையும் தேயிலையையும், தேய்ந்து கிழியும் துணியையும், பாழாகும் உழைப்பையும் எடுத்துக்காட்டிற்று. சர்ரே வட்டாரத்து மணற்பாங்கிலிருந்து மென்னீர் கொணரவேண்டும். கம்பெனிகளின் ஆட்சி ஒழிந்து பொது அமைப்பு ஏற்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. துணித்தொட்டியின் திரி, அரசாங்க ஏட்டிலே இடம்பெற்றது!

கம்பெனிகள் சும்மா இருக்குமா? நாடாளுமன்றத்திலே அவற்றுக்குக் குரல் இருந்தது. அரசாங்கம் 1851ஆம் ஆண்டு கிரகாம், மில்லர், ஹாப்மன் ஆகிய வேதியியல் அறிஞர் மூவரைக் கொண்டு மீண்டும் ஆராயச் செய்தது. 1852ஆம் ஆண்டுச் சட்டம், தேம்சு ஆற்றின் கீழ்ப்பகுதியில் நீர் எடுப்பதைத் தடுத்தது. வடிகட்ட வேண்டும் என்றது. நல்லவைதான். ஆனால், மென்னீர்த் திட்டம் நிறைவேறவில்லை, கம்பெனிகளும் நிலைத்தன.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். சீர்திருத்தக்காரர் என்பதற்காகச் சாட்விக்கின் சொல் அனைத்தும் சரி என்று கொண்டாடிவிடுவதா? அது பகுத்தறிவு ஆகாது. புதிய பூசாரிக்குப் பழைய பூசை ஆகும். சோப்புக் கணக்கிலே அவர் கூறியது சரி. காலராக் கணக்கிலே அவர் கூறியது தவறு! நாற்றம் பிடித்த காற்றே நோய் தருகிறது என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் விளைவாக, வீட்டுக் கழிவுகள் சாக்கடை வழியே தேம்சு ஆற்றிலே தள்ளப்பட்டன. அதே ஆற்றின் நீர் குழாய் வழியே மக்கள் குவளைக்கு வந்தது. 1848–49 காலராவிலே இலண்டன் ஆயிரக்கணக்கில் மக்களைப் பறிகொடுத்தது.

நோயின் வழி காற்றல்ல, நீர் என்று 1849ஆம் ஆண்டே எழுதியவர் மருத்துவர் சான் சுனோ. 1854ஆம் ஆண்டு பிராட் தெருவிலே காலரா மூண்டபோது, இறந்தவர் வீடுகளைத் தேடி, அவர்கள் எந்த நீரைக் குடித்தனர் என்று கேட்டறிந்து, அத்தெருவின் கைப்பம்பையே குற்றவாளி என்று காட்டினார். அந்தப் பம்பு நீர், சுவைக்குப் பெயர் பெற்றது! தொலைவிலே ஹாம்ஸ்டெட்டில் குடியிருந்த ஒரு மூதாட்டி, அச்சுவையை விரும்பி வண்டியிலே வரவழைத்துக் குடித்தார், மாண்டார். நாக்கு சொன்ன சாட்சியம் பொய்த்தது. கணக்கு சொன்ன சாட்சியம் நின்றது.

ஆகவே, இரண்டு கேள்விகள் தனித்தனியே நிற்கின்றன. நீர் மென்மையா, கடினமா என்பது ஒன்று. நீர் தூயதா, நஞ்சா என்பது மற்றொன்று. இரண்டையும் குழப்புகிறவர், எவ்வளவு நல்லவராயினும், மக்களை வழி தவறச் செய்வார்.

வடக்கே கிளாஸ்கோ நகரைப் பார்ப்போம். தொழில் வளர்ந்து, நெருக்கடி மிகுந்து, 1853–54 காலராவில் ஏறத்தாழ நாலாயிரம் பேரைப் புதைத்த நகரம் அது. இலண்டன் வாதாடிக்கொண்டிருக்க, கிளாஸ்கோ மாநகராட்சி செயலாற்றிற்று. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனியார் நீர்க் கம்பெனிகளை விலைக்கு வாங்கிற்று. பேட்மன் என்னும் பொறியாளர், மலைநாட்டிலுள்ள கேட்ரின் ஏரியிலிருந்து, பாறையைக் குடைந்து, பள்ளத்தாக்குகளைத் தாண்டி, 26 மைல் நீளத்துக்கு நீர்ப்பாதை அமைத்தார். 1859ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் விக்டோரியா அரசி மதகைத் திறந்தார். அரசி திறந்தார் என்று பள்ளிப் பாடம் சொல்லும். பாறையைக் குடைந்த பாட்டாளிகளை நாம் நினைவிலே வைத்துக்கொள்வோம்.

கேட்ரின் நீரின் கடினம் ஒரு பாகையளவே. இலண்டனில் வாளிக்கு 26 கிராம் சோப்பு மாண்டது என்றோமே, கிளாஸ்கோவிலே இரண்டு கிராம்கூட மாளவில்லை. நகரமே சோப்புச் செலவிலே மிச்சம் கண்டது. 1866ஆம் ஆண்டு மீண்டும் காலரா வந்தபோது கிளாஸ்கோவில் இறந்தோர் 53 பேர். அதே ஆண்டு, இலண்டனின் கிழக்குப் பகுதியிலே, வடிகட்டாத நீரை ஒரு கம்பெனி குழாயில் விட்டதனால், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மென்னீர் காலராவைத் தடுத்தது என்று துள்ள வேண்டாம், தடுத்தது தூய்மை. மென்மை, சோப்பைக் காத்தது. தூய்மை, உயிரைக் காத்தது. இரண்டையும் ஒருசேரக் கொணர்ந்தது பொது உடைமை.

கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று சொல்ல ஆசைதான், உண்மை விடவில்லை. கேட்ரின் திட்டத்தை எதிர்த்தவர்கள் ஒரு வினா எழுப்பியிருந்தனர்: மென்னீர் ஈயத்தைக் கரைக்குமே, வீடுகளிலே இருப்பவை ஈயக் குழாய்கள் ஆயிற்றே என்று. எதிரி கேட்டான் என்பதால் கேள்வி பொய்யாகிவிடுமா? அவ்வினாவையும் வென்று திட்டம் நிறைவேறிற்று. ஆனால், வினா செத்துவிடவில்லை. நூறாண்டுக்கு மேல் குழாய்க்குள்ளேயே குடியிருந்தது. கடின நீர் குழாயின் உட்புறத்திலே பூசும் படிவு, ஈயத்துக்கும் நீருக்கும் இடையே திரையாக நிற்கும். கிளாஸ்கோவின் மென்னீருக்கு அந்தத் திரை இல்லை. அந்நகர மக்கள் குருதியிலே ஈயம் மிகுந்திருப்பதை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர் கண்டனர். 1970களின் பிற்பகுதியில் அந்த நீரிலே சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கினர். பின்னர் பாஸ்பேட்டும் சேர்த்தனர். ஒரு நகரம் நீக்க விரும்பிய சுண்ணாம்பை மற்றொரு நகரம் தேடிச் சேர்த்தது!

இலண்டன் என்னாயிற்று? வேல்சு மலைகளிலிருந்து மென்னீர் கொணரலாம் என்று பேட்மன் 1865ஆம் ஆண்டு திட்டம் தந்தார். 1869ஆம் ஆண்டு அரச ஆணைக்குழு, தேம்சு நீரே போதும் என்றது. 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 1904ஆம் ஆண்டிலே எட்டுக் கம்பெனிகளும் ஒழிந்து, பொது நீர் வாரியம் பொறுப்பேற்றது. 1989ஆம் ஆண்டு மீண்டும் தனியாரிடம் போயிற்று. நீர் மட்டும் மாறவில்லை. இன்றும் இலண்டன் குழாய்நீர் கடின நீரே.

மாறியது சலவைப் பொருள். சுண்ணத்தோடு கூடித் திரியாகாத செயற்கைச் சலவைத்தூள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீடுகளிலே புகுந்தது. அமெரிக்காவிலே 1946ஆம் ஆண்டு வந்த 'டைடு' அதிலே பெரும்புள்ளி. அத்தூளிலே சேர்த்த பாஸ்பேட் சுண்ணத்தை அடக்கிற்று. ஆனால், ஆறுகளிலும் ஏரிகளிலும் சேர்ந்து பாசியை வளர்த்தது. தொட்டியிலே தீர்ந்த சிக்கல் ஏரியிலே முளைத்தது. சுண்ணத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் மென்னீராக்கும் கருவியோ, காசு உள்ளவன் வீட்டிலே அமர்ந்தது.

தோழர்களே! எங்கோ உள்ள இலண்டன் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் வகுப்பிலே ஒரு நாள், மாணவரை ஆளுக்கொரு புட்டியிலே வீட்டு நீர் கொண்டு வரச் சொன்னோம். ஒருவன் ஆழ்துளைக் கிணற்று நீர் கொணர்ந்தான். ஒருத்தி முன்நாள் பெய்த மழையைப் பிடித்து வந்தாள். இரண்டிலும் ஒரே அளவு சோப்புக் கரைசலைச் சொட்டிக் குலுக்கச் செய்தோம். மழைநீர் பொங்கி நுரைத்தது. கிணற்று நீர் திரிந்து நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "எங்க வீட்டுக் குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்துப் போகுதே, வீட்டுக்கு ஆகாதுன்னு பாட்டி பரிகாரம் பண்ணச் சொன்னாங்களே, அது இதுதானா, சார்?"

அது இதுதான், அம்மா! பரிகாரம் எலுமிச்சையும் புளியும்தான். பூசைக்கு அல்ல, காரையைக் கரைக்க! அமிலம் பட்டால் சுண்ணம் கரையும். கொண்டைக்கடலை வேகாவிட்டால் உன் பாட்டி ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுகிறாரே, அவர் அறியாமலே செய்யும் வேதியியல் அது.

பரிகாரம் சொல்லும் பஞ்சாங்கக்காரர் ஒரு புறம் என்றால், அச்சத்தை விற்கும் வணிகர் மறுபுறம். கருவியிலே எண்ணைக் காட்டி, "இந்த நீரைக் குடித்தால் அவ்வளவுதான்" என்று மிரட்டிச் சுத்திகரிப்பு எந்திரம் விற்போர் பெருகியுள்ளனர். உலக நலவாழ்வு நிறுவனம் நீரின் கடினத்துக்கு உடல்நலம் கருதிய வரம்பு எதையும் விதிக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்திலே 600 வரை பொறுக்கலாம் என்றும் கூறுகிறது. கடினம் என்பது பெரிதும் சோப்பின், கெட்டிலின், வெந்நீர்க் கருவியின் தொல்லை. கிருமியும் ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் வேறு; அவற்றை நுரை காட்டாது, நாக்கும் காட்டாது. அவற்றுக்கு ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது குடிமக்கள் உரிமை.

எனவே, நம் இளைஞர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தம் தெருவின் நீரை அளந்து பாருங்கள். நகராட்சியின் சோதனை முடிவைக் கேட்டு வாங்கி, தெருமுனையிலே எழுதி வையுங்கள். நீரால் நேரும் செலவு எந்தக் கணக்கிலே ஏறுகிறது, யார் கை அதனால் தேய்கிறது என்று கூட்டிப் பாருங்கள். நம்மவர் கூறினார் என்பதற்காக ஏற்காதீர்கள். எதிரி கூறினான் என்பதற்காகத் தள்ளாதீர்கள்.

அன்று இலண்டன் சந்திலே குனிந்து நின்ற அந்தத் தாய், தன் கையைக் குறை கூறிக்கொண்டே வாழ்ந்து மறைந்தாள். குற்றம் அவள் கையிலே இல்லை என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. நம் தெருவின் தாய்க்கேனும் அதைச் சொல்வோம்!